குப்பத்து நூலகத்திற்கு ஏற்ற மின்னூல்கள் எவை?

(திருவள்ளூர் மாவட்டம், பழவேற்காட்டை அடுத்த லைட்ஹவுஸ் குப்பத்தில் நூலக அன்பர்களிடையே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஒரு பக்கம் ஏரியும் மறு பக்கம் கடலும் சூழ்ந்த இவ்வூரில் நூலகத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று கேட்டுக் கொண்டீர்கள். அதிலும், அலமாரியில் அடுக்கி வைக்கும் புத்தகங்களைப் பற்றியன்று. கணினியிலும் கைபேசியிலும் படிக்கப்பெறும் நூல்கள், சஞ்சிகைகள், அகராதிகள், வானிலைச் செய்திகள் ஆகியவற்றுள் எவற்றைக் கொள்வது, எவற்றைத் தள்ளுவது என்பதே இன்றைய பேச்சு. இது பட்டணத்து நூலகர்களுக்கு மட்டும் உரிய விஷயமென்று எவரும் எண்ண வேண்டாம். பட்டணத்து நூலகத்தில் தவறான ஒன்றை வாங்கிவிட்டால் பணம் மட்டுமே வீண். கடலுக்குப் போகிறவர் வாழும் ஊரில், நேற்றைய காற்றுச் செய்தியை இன்றையதென்று நம்பிவிட்டால் வீணாவது பணம் மட்டுமன்று.

அலமாரிக்கு ஓர் எல்லை உண்டு. ஐந்நூறு புத்தகங்கள் கொள்ளும் அலமாரியில் ஐந்நூற்றொன்றாவது புத்தகத்தை வைக்க வேண்டுமானால் ஒன்றை எடுத்தாக வேண்டும். ஆகவே அங்கே தேர்வு தானாகவே நிகழ்ந்துவிடுகிறது. மின்னூலுக்கோ இடம் வேண்டுவதில்லை. ஒரு லட்சம் நூல்கள், இரண்டு லட்சம் நூல்கள் என்று சொல்லி ஒரே கட்டாகக் கொடுக்கும் வியாபாரிகள் வருவார்கள். இடத்திற்கு எல்லையில்லாவிட்டாலும் படிக்கிறவருடைய பொழுதுக்கு எல்லை உண்டு. விடியற்காலையில் வலை இழுத்து, பகலில் வலை செப்பனிட்டு, மாலையில் அரை மணி நேரம் நூலகத்தில் உட்காரும் ஓர் இளைஞர் ஒரு லட்சம் தலைப்புகளுள் தமக்கு வேண்டியதைத் தேடிக் கொண்டிருந்தால், அந்த அரை மணி தேடுவதிலேயே கழிந்துவிடும்.

பணமும் பிறருடையதன்று. 1948-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் தோன்றிய முதல் மாநில நூலகச் சட்டம். வீட்டு வரியுடன் சேர்த்து நூலக வரி வசூலிக்க அச்சட்டம் வழி செய்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இன்று தமிழ்நாட்டில் இயங்குவது அவ்வரியின் துணையால்தான். ஓலைக் கூரையானாலும் ஓட்டு வீடானாலும், வீட்டு வரி கட்டுகிறவர் ஒவ்வொருவரும் நூலகத்தின் பங்காளி. எந்த மின்னூலுக்குப் பணம் கொடுக்கிறார்கள், அதனால் என்ன பயன் கண்டார்கள் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

சீர்காழியிற் பிறந்த அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1931-ஆம் ஆண்டில் நூலக இயலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல என்பதும், படிப்போர் நேரத்தை வீணாக்கலாகாது என்பதும் அவற்றின் உட்கருத்து. அதே ஆண்டில்தான் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றார்கள். அந்த வண்டியில் ஏற்றும்போது எந்தப் புத்தகம் எந்த ஊருக்கு என்று யோசித்துத்தானே ஏற்றியிருப்பார்கள்? கம்பியில்லாமல் வானத்தின் வழியே நூல் வந்து சேரும் இக்காலத்தும் அந்த யோசனை தேவைப்படுகிறது.

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டத் தொலைதூர நாடுகள் வேண்டியதில்லை. இதே கடற்கரையில் தெற்கே புதுச்சேரியில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998-ஆம் ஆண்டில் அங்கே கிராம அறிவு மையங்களை நிறுவத் தொடங்கினர். வில்லியனூரில் ஒரு தலைமை நிலையம். அதிலிருந்து சுற்றுக் கிராமங்களுக்குச் செய்தி சென்றது. தொலைபேசிக் கம்பி எட்டாத இடங்களுக்கு வானொலி அலை மூலமாகவும், மின்சாரம் தடைப்படும் இடங்களில் சூரிய ஒளியின் துணையாலும் வேலை நடந்தது. மையத்திற்கு இடம் கொடுப்பதும், நடத்தத் தொண்டர்களைத் தருவதும் ஊராரின் பொறுப்பு. சாதி பாராமல் எல்லாரும் நுழையக்கூடிய இடமாக அது இருத்தல் வேண்டுமென்பது நிபந்தனை. எல்லாவற்றிற்கும் முன்னதாக அவர்கள் செய்த காரியமே நம் கவனத்திற்குரியது. உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று ஊராரைக் கேட்டார்கள். விவசாயிகள் விலையும் விதையும் பற்றிக் கேட்டனர். வீராம்பட்டினத்து மீனவர்களோ, நாளை அலை எவ்வளவு உயரம் எழும் என்று கேட்டனர்.

அதற்கு விடை அக்காலத்தில் தமிழில் இல்லை. ஆங்கிலத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்தில் இருந்தது. மையத்துத் தொண்டர்கள் அதைத் தினந்தோறும் எடுத்து, தமிழில் எழுதி, ஒலிபெருக்கி மூலம் கடற்கரையில் அறிவித்தார்கள். படகு தள்ள நிற்பவர் கணினியின் முன் வந்து உட்கார வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. மின்னணு நூல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதென்றால் இப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்பது நம் எண்ணம். கேள்வி ஊரில் பிறந்தது. விடை எங்கிருந்தாலும் தேடிப் பிடிக்கப்பட்டது. ஊராருக்குப் பழக்கமான வழியில் அது கரை சேர்ந்தது.

அதே திட்டத்தைச் சேர்ந்த மற்றொரு மீனவ ஊர் நல்லவாடு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்த காலை, சிங்கப்பூரிலிருந்து அவ்வூரார் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். மையத்தின் ஒலிபெருக்கி வழியாகச் செய்தி பரவியது. சுமார் 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் வீடுகளும் படகுகளும் அழிந்தன. மக்கள் முன்னதாக வெளியேறி உயிர் பிழைத்தனர். அன்று உதவியது விலையுயர்ந்த மென்பொருள் எதுவுமன்று. நாள்தோறும் அலைச் செய்தி சொல்லிச் சொல்லி ஊராரின் நம்பிக்கையைப் பெற்றிருந்த ஒலிபெருக்கி அது. பழகாத குரல் திடீரென்று ஓடு என்றால் எத்தனை பேர் ஓடுவர்?

இனி, ஒன்றை நம்பலாமா கூடாதா என்று எப்படி அறிவது? இவ்வூருக்குப் பெயர் தந்த கலங்கரை விளக்கத்தையே பாருங்கள். இரவில் கடலில் வருகிற மாலுமி ஏதோ ஒரு வெளிச்சத்தைக் கண்டவுடன் அதை நம்பித் திரும்புவதில்லை. எத்தனை விநாடிக்கு ஒரு முறை மின்னுகிறது என்று எண்ணிப் பார்த்து, இது இன்ன விளக்கு என்று உறுதி செய்து கொள்கிறார். இணையத்து வெளிச்சங்களையும் அவ்வாறே எண்ணிப் பார்க்க வேண்டும். வெளியிடுவோர் யார்? அவர்கள் முகவரியும் பொறுப்பும் தெரிகின்றனவா? எந்த நாளில் எழுதியது? பிழை கண்டால் திருத்துகிறார்களா? பெயரில்லாமல் கைபேசிக்குக் கைபேசி தாவி வரும் புயல் படத்தை இவ்வகையில் ஒரு நொடியில் தள்ளிவிடலாம்.

நாள் குறிப்பது சிறிய விஷயமாகத் தோன்றும். ஐதராபாத்தில் 1999-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், மீன் கூடும் இடங்களைப் பற்றிய அறிவிப்புகளை இந்திய மொழிகளிலும் வெளியிடுகிறது. கடல் நீரின் மேற்பரப்பு வெப்பத்தையும், நீரிலுள்ள பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள் கண்டறிய, அதைக் கொண்டு இந்த அறிவிப்பு கணிக்கப்படுகிறது. மேகம் மூடிக் கொண்டால் அறிவிப்பு கிடைப்பதில்லை. கிடைத்தாலும் சில நாட்களுக்கே அது செல்லும். ஆகவே இதை அச்சிட்டு நூலகச் சுவரில் ஒட்டிவிட்டு ஒரு வாரம் மறந்துவிடுவது, ஒட்டாமலிருப்பதை விடத் தீமை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடலுக்குப் போகிற பைபர் படகுக்காரருக்கு இந்த அறிவிப்பு உதவும். ஏரியில் வலை வைத்து இறால் பிடிக்கிறவருக்கு இதனால் ஒரு பயனுமில்லை. அவருடைய மீன் முகத்துவாரம் திறந்திருப்பதையும் நீரின் உப்பையும் பொறுத்தது. ஒரே குப்பத்தில், அடுத்தடுத்த வீட்டில், ஒருவருக்கு நல்ல நூல் மற்றவருக்கு வெறும் காகிதம்.

பழைய நூலெல்லாம் பயனற்றதென்று இதற்குப் பொருளில்லை. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும் இன்று இணையத்தில் படிக்கலாம். பெ. தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அறிஞர் பலர் கூடிச் செய்த அரும்பணி அது. இன்றும் அதன் தமிழ் நடையைக் கண்டு வியக்கிறோம். ஆனால் மனிதன் சந்திரனில் கால் வைப்பதற்கு முன்னர் முடிந்த நூல் அது. மாணவர் அதை வரலாற்றுக்கும் சொல்லாக்கத்துக்கும் பார்க்கலாம். விண்வெளிப் பாடத்துக்குப் பார்க்கலாகாது. 1924-க்கும் 1936-க்கும் இடையே சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனோ அப்படி எளிதில் பழையதாகிவிடுவதன்று. அதுவும் இணையத்தில் தேடத்தக்க வடிவில் கிடைக்கிறது. நூலகர் அட்டவணையில் ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று ஒரு வரி எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

மொழியையும் எழுத்தையும் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். தமிழ் நூலென்று காட்டப்படுவன எல்லாம் ஒரே தன்மையன அல்ல. சில, பழைய புத்தகத்தின் பக்கங்களைப் படம் பிடித்து வைத்தவை. கண்ணால் படிக்கலாம், ஒரு சொல்லைத் தேட முடியாது. பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளும் அந்தப் படத்தின்முன் ஊமையாகிவிடும். சில, யூனிகோட் முறை பரவுவதற்கு முன் வெவ்வேறு எழுத்துருக்களில் தட்டச்சானவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். யூனிகோடில் எழுத்தாகவே அமைந்த நூல்தான் தேடவும், பெரிதாக்கவும், செவியாற் கேட்கவும் இடம் தரும். பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழி செய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-ஆம் ஆண்டில் உலகிலேயே முதலாவதாக உறுதி செய்த நாடு இந்தியா. அப்பெருமை குப்பத்து நூலகம் வரை வந்து சேர வேண்டாமா? நம் முன் ஒரு நூல் வைக்கப்பட்டால் அதில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிப் பார்ப்போம், வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்போம். இரண்டு நிமிடம் போதும்.

அடுத்து உரிமை. இங்கேதான் ஏமாறுவோர் அதிகம். காகிதப் புத்தகத்தை வாங்கினால் அது நமது. மின்னூலை வாங்கினேன் என்று சொல்லுகிறவர் பெரும்பாலும் வாங்கியிருப்பதில்லை; வாடகைக்கு எடுத்திருக்கிறார். 2009-ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம், உரிமைச் சிக்கல் ஒன்றினால், வாசகர்கள் பணம் கொடுத்துப் பெற்றிருந்த சில நூல்களை அவர்களுடைய கருவிகளிலிருந்தே நீக்கிவிட்டது. 2011-இல் ஹார்ப்பர்காலின்ஸ் என்ற பதிப்பகத்தார், நூலகத்துக்குக் கொடுக்கும் மின்னூல் 26 முறை இரவல் போனவுடன் காலாவதியாகும் என்று விதித்தார்கள். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களின் நூல்களும் மறைந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். நம்மூர்ப் பெட்டிக்கடையில்கூட விற்ற சாமானை இராத்திரி வந்து எடுத்துக் கொண்டு போவதில்லை! ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், சந்தா நின்ற பின் எது நம்மிடம் தங்கும், ஒரே நேரத்தில் எத்தனை பேர் படிக்கலாம், நூலகத்துக்கு வெளியே வீட்டிலிருந்தும் படிக்கலாமா, வாசகர்களின் பெயரும் கைபேசி எண்ணும் யாரிடம் போகின்றன என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

காசு கொடாமலே முறைப்படி கிடைப்பவை தமிழில் ஏராளம். பாரதியார் நூல்களின் உரிமையை 1949-ஆம் ஆண்டில் அரசாங்கம் பெற்றுப் பின்னர் மக்கள் உடைமையாக்கிற்று. அவ்வழியே பல தமிழாசிரியர்களின் நூல்கள் நாட்டுடைமையாகியுள்ளன. இவற்றை எவரும் பதிப்பிக்கலாம், இணையத்தில் இடலாம். ஒரு மொழியின் இலக்கியத்தை அரசே விலை கொடுத்து இவ்வளவு திறந்து விட்டிருக்கும்போது, அதே நூல்களை நூலகங்களுக்குச் சந்தாவில் விற்க வருகிறவர்களைக் கண்டால் நமக்குச் சிரிப்புத்தான் வருகிறது. 1998-ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக அளித்து வருகின்றனர். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய புத்தகங்களும் இதழ்களும் இருக்கின்றன. ஈழத்து நூல்களுக்கு நூலகம் என்ற பெயரிலேயே 2005-ஆம் ஆண்டு முதல் ஓர் அமைப்பு உழைக்கிறது. 1981-இல் யாழ்ப்பாணத்து நூலகம் எரிந்ததை அறிந்தவர்கள் அதன் அருமையை உணர்வர். பள்ளிப் பாடநூல்களும் அரசின் வழியே இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியாவைக் கிவிக்ஸ் என்ற மென்பொருளின் துணையால் முழுவதும் இறக்கி வைத்துக் கொண்டால், இணையமே இல்லாதபோதும் படிக்கலாம். மழைக்காலத்தில் மின்சாரமும் இணைப்பும் அடிக்கடி அறுந்து போகும் கரையில் இது சிறிய வசதியன்று.

ஆராய்ச்சிச் சஞ்சிகைகளின் நிலை வேறு. மத்திய அரசு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 2025-ஆம் ஆண்டு முதல், ஒரே நாடு ஒரே சந்தா என்னும் திட்டத்தில் சுமார் 13,000 சஞ்சிகைகளை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் வழங்குகிறது. கிராம நூலகம் அதில் சேரவில்லை. பழவேற்காட்டு ஏரியைப் பற்றி, இந்த ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களை முறை வைத்துப் பகிர்ந்து கொள்ளும் உங்கள் பாடு முறையைப் பற்றி, அறிஞர்கள் பலர் இங்கு வந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள். நீங்கள் சொன்னது ஆங்கிலக் கட்டுரையாகிப் பணம் கட்டிப் படிக்கும் சஞ்சிகையில் இருக்கிறது. சொன்னவர் வீட்டுப் பிள்ளை அதைப் படிக்க முடியவில்லை. நாளை ஏரியின் உரிமை குறித்தோ, கரையில் எழும் புதிய கட்டடங்கள் குறித்தோ அதிகாரிகள் முன் பேச நேர்ந்தால், பட்டணத்திலிருந்து வருகிற வழக்கறிஞர் கையில் அக்கட்டுரை இருக்கும். உங்கள் கையில் இராது.

ஆகவே இந்தக் குப்பத்து நூலகத்துக்கு முதன்முதல் சேர்க்க வேண்டியது ஏரியைப் பற்றிய தொகுப்பு என்று சொல்லுவோம். கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தன் வெளியீடுகளை எவரும் படிக்குமாறு இணையத்தில் வைத்திருக்கிறது. சென்னையில் இயங்கும் சர்வதேச மீன்தொழிலாளர் ஆதரவுக் குழுவின் சமுத்ரா இதழும் இலவசமே. இவற்றுள் பழவேற்காட்டைப் பற்றியவற்றை மட்டும் எடுத்து ஒரு கோப்பில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் தமிழில் சுருக்கம் எழுதினால் போதும். கல்லூரியிற் படிக்கும் உங்கள் பெண்களும் பிள்ளைகளும் ஒரு கோடை விடுமுறையில் செய்து முடிக்கக் கூடிய வேலை. டச்சுக்காரர் இங்கே கோட்டை கட்டி வாழ்ந்த காலத்து ஆவணங்களில் பெரும்பகுதி நெதர்லாந்து தேசத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அங்கேயும் மின்மயமாக்கி இணையத்தில் இட்டு வருகிறார்கள். அவை பழைய டச்சு மொழியில் உள்ளவை என்பதால் இப்போதைக்கு நமக்கு அவசரமில்லை.

பணம் கொடுத்தே தீர வேண்டிய ஒன்று வந்தால் என்ன செய்வது? ஒரு மாதம் இலவசமாகப் பார்க்கக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும், பெரும்பாலும் கொடுப்பார்கள். அந்த ஒரு மாதமும் நூலக மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கட்டும். வருகிறவர் என்ன கேட்டார், கிடைத்ததா, எவ்வளவு நேரமாயிற்று என்று அதில் எழுதுவோம். மாணவர் மட்டும் எழுதினால் போதாது. மீன் கூடை சுமக்கிற தாயார் ஒருவர் மகளிர் குழுக் கடனைப் பற்றிக் கேட்டால் அதுவும் எழுதப்பட வேண்டும். வியாபாரி கொடுக்கும் கணக்கு வேறு விதமாக இருக்கும். பக்கத்தை ஒருவர் தற்செயலாகத் திறந்து மூடினாலும் அவர் அதை ஒரு பயனாக எண்ணிக் காட்டுவார். ஆண்டுக்கு 12,000 ரூபாய் கட்டணமென்றும், நம் நோட்டின்படி உண்மையாகப் பயன்பட்டது ஆண்டுக்கு 60 முறை என்றும் வைத்துக் கொண்டால், ஒரு முறைக்கு 200 ரூபாய் ஆகிறது. அந்த 200 ரூபாயில் ஒரு நல்ல காகிதப் புத்தகம் வாங்கி விடலாம். 600 முறை பயன்பட்டால் 20 ரூபாய்தான். அப்போது தயங்க வேண்டியதில்லை. விடை கிடைக்காத கேள்விகளின் பட்டியல் அதைவிட மதிப்புள்ளது. அடுத்த ஆண்டு எதைத் தேட வேண்டுமென்பதை அதுதான் சொல்லும்.

வெளியிலிருந்து எடுப்பதைப் பற்றியே பேசிவிட்டோம். இவ்வூரிலிருந்து சேர்க்க வேண்டியவையும் உண்டு. கொண்டலும் வாடையும் மாறும் குறிகளை வானத்திலும் நீரிலும் கண்டு சொல்லும் பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கைபேசியிலேயே ஒலிப்பதிவு செய்யலாம். பதிவு செய்த நாள், இடம், பேசியவரின் சம்மதம் ஆகிய மூன்றையும் உடன் குறித்து வைக்க வேண்டும்; அவையின்றேல் பத்தாண்டு கழித்து அப்பதிவை யாரும் நம்பார். ஒரே கருவியில் வைக்காமல் இரண்டு இடங்களில் படி வைத்தல் நலம். உப்புக் காற்றில் மின் கருவிகள் நெடுநாள் தாங்குவதில்லை.

பாடு முறைக்குரிய பழைய ஏடுகளும் கணக்குகளும் ஊரில் எவரிடமேனும் இருப்பின் அவற்றையும் படம் பிடித்து வைக்கலாம். பொது நூலகம் தன்னிடமுள்ள காகித நூலைப் பாதுகாப்புக்காக மின்னணுப் படியாக வைத்துக் கொள்ளப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. ஊர் ஏடுகளுக்கு ஊராரின் இசைவு இருந்தால் போதும். ஆனால் அவற்றை உலகம் முழுவதும் பார்க்க இணையத்தில் இடுவதா, நூலகத்தில் மட்டும் வைப்பதா என்பது வேறு கேள்வி. வலை வைக்கும் இடமும் முறையும் குடும்பங்களின் பிழைப்போடு சேர்ந்தவை. அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் ஊர்ப் பஞ்சாயத்தார். நூலகரோ, எம்மைப் போல் வெளியிலிருந்து வந்து பேசுவோரோ அல்லர். அப்பேச்சை இந்தத் தடைக்காலத்திலேயே, படகுகள் கரையில் இருக்கும்போதே, கூட்டம் கூட்டிப் பேசி முடித்துவிடுமாறு கேட்டுக் கொள்கிறோம்.